ஆயாவைப் பாலைவனத் திருவிழாவுக்கு அழைத்துப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தேவனாம்பட்டினம் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆயாவுக்கு 79 வயது. நடமாட்டம் இருக்கிறது, ஆனால் முழங்கால் தேய்மானம். ஒரு தெரு நடந்தால் ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்துதான் மறுபடி கிளம்புவார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. சில மாதங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழாவைக் காட்டினார்கள். ஒட்டகங்களுக்குச் சலங்கை கட்டி, வண்ணத் துணி போர்த்தி ஊர்வலம் விட்டதைப் பார்த்தவர், கண்ணை மூடுவதற்குள் இதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

காசிக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தால் வீட்டில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஒட்டகம் பார்க்க வேண்டும் என்றதும் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். இந்த வயதில் எதற்கு இந்த வம்பு என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அழைத்துப் போகத்தான் விருப்பம். ஜெய்சல்மேரா, குஜராத்தின் ரண் என்ற உப்புப் பாலைவனத்தில் நடக்கும் ரண் உற்சவமா? எந்த மாதம்? ரயிலா, விமானமா? ஆயா, நான், மனைவி, தம்பி என நான்கு பேர் கடலூரில் இருந்து கிளம்புகிறோம்.

பண்ருட்டிப் பலா:

முதலில் அப்பாவைச் சம்மதிக்க வையுங்கள். ஒட்டகம் அதற்குப் பிறகு.

பழைய சிப்பாய்:

தம்பி, பணியில் இருந்த காலத்தில் ஜெய்சல்மேர் பக்கம் இருந்தவன் நான். விழாவைப் பொதுமக்களோடு நின்றும் பார்த்திருக்கிறேன், பாதுகாப்புப் பணியில் நின்றும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராஜஸ்தான் சுற்றுலாத் துறை நடத்தும் விழா அது. மரு மகோத்சவ் என்பார்கள். வட நாட்டுக் கணக்கில் மாக மாதப் பௌர்ணமியோடு முடியும். கடிசர் ஏரிக்கரையில் கிளம்பும் ஊர்வலம் பூனம் சிங் விளையாட்டரங்கத்துக்கு வந்து சேரும். அங்கே தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, மரு ஸ்ரீ என்ற பாலைவன அழகன் தேர்வு. எல்லைப் பாதுகாப்புப் படையினர் ஒட்டகத்தின் மேல் நின்றும் படுத்தும் சாகசம் காட்டுவார்கள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கடைசி நாள் மாலை, ஊரில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் சம் மணற்குன்றுகளில் ஒட்டகப் பந்தயமும் நிலா வெளிச்சத்தில் பாட்டும் ஆட்டமும்.

சொல்லக் கேட்டால் சொர்க்கம்தான். வயதானவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். அரங்கத்தில் நிகழ்ச்சிகள் குறித்த நேரத்தில் தொடங்காது. பிப்ரவரி ஆனாலும் நண்பகல் வெயில் சுளீர் என்று அடிக்கும். மாலை ஆறு மணி தாண்டினால் மணல் சட்டென்று குளிர்ந்துவிடும். இரவு 10 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கடலூரில் மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிறவர்கள் நாம். குன்றில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மணலில் பத்தடி நடப்பது கல் தரையில் அரை கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா ஜீப்பும் ஒரே சாலையில் திரும்பும். நள்ளிரவுக்கு முன் அறைக்கு வந்தால் உங்கள் யோகம்.

ஒட்டகத்தின் மேல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அது எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். மேலே இருப்பவர் முகம் குப்புற அதன் கழுத்தின் மேல் சாய்வார். அடுத்த நொடி முன்னங்கால் நிமிரும், ஆள் பின்னால் வீசப்படுவார். இருபது வயதுக்காரனுக்கு அது வேடிக்கை. எலும்பு தேய்ந்த இடுப்புக்கு அந்த இரண்டு உலுக்கலே போதும்.

லாஸ்பேட்டை செவிலி:

சிப்பாய் ஐயா சொன்னதில் ஒட்டகப் பத்தியை ஆயாவுக்கே படித்துக் காட்டுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. பயணத்தில் முதியவர்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் குளிரோ தூரமோ அல்ல, தண்ணீர் குடிக்காததுதான். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் காலையில் இருந்தே குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். பாலைக் காற்றோ வறண்ட காற்று. வியர்ப்பது தெரியாமலே உடம்பில் நீர் குறையும். மறுநாள் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல். சிலருக்குத் திடீரென்று பேச்சுக் குழம்பும். வீட்டார் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். எனவே திட்டம் போடும்போது பார்க்கும் இடங்களை வரிசைப்படுத்துவதற்கு முன், நல்ல கழிப்பறை எங்கெங்கே என்று வரிசைப்படுத்துங்கள். மடக்கக்கூடிய கமோடு நாற்காலி மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. காரின் பின்னால் போட்டுக்கொண்டால் ஆயா பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்.

இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் வகை ஒன்று உண்டு. ஆயா சாப்பிடுவது அதுதானா என்று மருத்துவரிடம் கேட்டு, பயண நாட்களில் எப்போது சாப்பிடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். உதட்டுக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெய். கண்புரை அறுவை ஆனவர் என்றால் நல்ல கறுப்புக் கண்ணாடி.

முத்தியால்பேட்டை மருமகன்:

மாமனாரை ஜெய்சல்மேர் அழைத்துப் போனவன் என்ற முறையில் எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸ்காரர் "எல்லா இடத்திலும் சக்கர நாற்காலி உண்டு" என்று அடித்துச் சொன்னார். நாற்காலி இருந்தது உண்மை. சம் மணலில் இறக்கியதும் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. நானும் ஓட்டுநரும் நாற்காலியோடு மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மானத்துக்குப் பயந்து வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். டிராவல்ஸ்காரரைக் கேட்டால் "நாற்காலி உண்டு என்றுதானே சொன்னேன், ஓடும் என்று சொன்னேனா" என்கிறார்.

ஆனால் ஒன்று. மாமனாருக்கு ஊர்வலமும் போட்டியும் மனதில் நிற்கவே இல்லை. நாங்கள் தங்கிய விடுதி முற்றத்தில் மாங்கணியார் பாடகர்கள் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்து பாடினார்கள். அதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:

மருமகன் சொன்னது முக்கியமான செய்தி. மாங்கணியார்கள் பரம்பரையாகப் பாடும் முஸ்லிம்கள். அவர்களை ஆதரிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ராஜபுத்திரர்கள், இந்துக்கள். அந்த வீடுகளில் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் இவர்கள்தான் வந்து பாட வேண்டும். கண்ணனையும் தேவியையும் பாடிவிட்டு, அடுத்து சூஃபிப் பாடலுக்குப் போவார்கள். அவர்கள் வில் போட்டு வாசிக்கும் கமாய்ச்சா, ஒரே மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய கருவி. கரகரத்த அடிக்குரல் அதற்கு. ஹமீரா கிராமத்துக் கமாய்ச்சாக் கலைஞர் சாகர் கானுக்கு 2012-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கர்தால் என்பது விரல்களுக்கிடையே பிடித்துத் தட்டும் மரத் துண்டுகள். கை அசைவது தெரியாது, சத்தம் மட்டும் மழையாகக் கொட்டும்.

இது பெரிய மேடையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் சங்கதி அல்ல. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பாடகர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். நம் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த தலைமுறைக்கு அந்த உட்காருதல் பழக்கம்தான். ஆயா கூத்து பார்க்கிறவரா?

தேவனாம்பட்டினம் பேரன்:

வாத்தியார் ஐயா, பார்க்கிறவராவது! திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் எந்த வேடக்காரர் எந்த வருடம் அடவு தப்பினார் என்பதுவரை சொல்வார்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். தேதி பார்க்கலாம் என்று நாட்காட்டியை எடுத்தேன். ஆயா "பௌர்ணமி அன்று நான் எங்கும் வரமாட்டேன்" என்கிறார். கார்த்திகைப் பௌர்ணமி திருவண்ணாமலை தீபம். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். தைப் பௌர்ணமியில் வடலூர் ஜோதி. மாசி மகத்துக்கு எங்கள் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்கே சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்துவிடும். பாலைவனக்காரர்களோ எல்லாவற்றையும் பௌர்ணமியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

வடலூர் அன்பன்:

ஆயா பக்கம்தான் நியாயம். மாதப் பூசத்தில் ஆறு திரை நீக்கித்தான் ஜோதி காட்டுவார்கள். ஏழு திரையும் விலகுவது தைப்பூசத்துக்கு மட்டும். 1872-இல் வள்ளல் பெருமான் தொடங்கியதில் இருந்து அப்படித்தான். வருடம் தவறாமல் போகிறவரை ஒட்டகத்துக்காக நிறுத்தாதீர்கள்.

கணக்குப்படியும் சொல்கிறேன். மரு மகோத்சவ் முடியும் மாகப் பௌர்ணமி சில வருடம் நம் தைப்பூசத்தில் விழும், சில வருடம் மாசி மகத்தில் விழும். 2023 பிப்ரவரி 5 அன்று பௌர்ணமி, அன்றுதான் தைப்பூசம். 2024 பிப்ரவரி 24 அன்று பௌர்ணமி, அன்று மாசி மகம். இரண்டில் ஒன்றோடு மோதாமல் அந்த விழா நடக்கவே நடக்காது. எனவே ஜெய்சல்மேர் கதை இதோடு முடிந்தது.

பண்ருட்டிப் பலா:

பஞ்சாங்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் சுமதி:

ஏன் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்? ரண் உற்சவத்துக்குப் போங்கள். அது மூன்று நாள் விழா அல்ல. நவம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நடக்கும். என்றைக்குப் போனாலும் பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, ஒட்டக வண்டி உண்டு. பௌர்ணமி நாட்களில் கட்டணத்தையும் ஏற்றிவிடுவார்கள். ஆயாவால் உங்களுக்குப் பணம் மிச்சம்.

என் அம்மாவை அழைத்துப் போனதை வைத்துச் சொல்கிறேன். புஜ் நகரத்தில் இருந்து விழா நடக்கும் தோர்டோ கிராமம் 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நல்ல சாலை. கூடார நகரம் என்று பெயர்தான், உள்ளே கட்டில், மேற்கத்தியக் கழிப்பறை, வெந்நீர் எல்லாம் ஒட்டியே இருக்கின்றன. செவிலி அக்கா சொன்ன பயம் பாதி அங்கேயே போய்விடும். தரை முழுக்கச் சமம், ஏறி இறங்க ஒன்றும் இல்லை. வெள்ளை ரண்ணுக்குப் போக வழியில் பிரண்டியாரா சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டு, அதற்கு அசல் அடையாள அட்டை வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் கெடுபிடி. கடைசித் தூரத்துக்கு ஒட்டக வண்டி இருக்கிறது. தட்டையான பலகை வண்டி, மெத்தை போட்டிருப்பார்கள். அம்மா படியில் கால் வைத்து ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒட்டகத்தின் முதுகில் ஏறாமல் ஒட்டகத்தோடு போகலாம்.

ஜனவரிக்கு முன் போகாதீர்கள். மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்று நீரும் ஏறி ரண் முழுக்கக் குளமாக நிற்கும். அது வற்ற வற்றத்தான் உப்பு பாளம் கட்டும். மழை அதிகமான வருடம் டிசம்பரிலும் அடியில் சேறு இருக்கும். காய்ந்த உப்பில் காலை வைத்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்கும். சக்கர நாற்காலியும் அதன் மேல் உருளும்.

தேவனாம்பட்டினம் பேரன்:

சுமதி அக்கா எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உப்பைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா?" என்கிறார். கல்யாணத்துக்கு முன் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர் அவர். பாத்தியில் உப்பு வாருவது, தலையில் சுமப்பது எல்லாம் செய்திருக்கிறார். உள்ளங்கால் வெடிப்பு இன்றும் ஆறவில்லை.

முத்தியால்பேட்டை மருமகன்:

அப்படியானால் அவரைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். யாரும் பாத்தி கட்டாமல், யாரும் வாராமல் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கும் உப்பை அவர் பார்த்திருக்க மாட்டார். அந்த உப்பைச் சுமக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும்.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:

ரண்ணுக்கு அந்தப் பக்கம், சின்ன ரண் பகுதியில் அகரியா என்ற மக்கள் நிலத்தடி உப்புநீரை இறைத்து உப்பு விளைவிக்கிறார்கள். மழை முடிந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் போய்க் குடிசை போட்டு, அடுத்த மழை வரும் வரை அங்கேயே இருப்பார்கள். ஆயாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தொழில் தெரிந்தவருக்கு ஆயிரம் கேள்வி எழும்.

ஒட்டகம் என்றால் ரண் இருக்கும் கட்ச் பகுதியில் இன்னொரு சங்கதி உண்டு. காராய் என்ற இன ஒட்டகம் கடலில் நீந்தும். கழிமுகத்துத் தீவுகளில் இருக்கும் அலையாத்தித் தழையைத் தின்ன நீந்திப் போகும். பிச்சாவரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுரபுன்னைக் காட்டில் ஒட்டகம் மேய்வதை நினைத்துப் பார்ப்பதே வேடிக்கை. அதைத் தேடி ஆயாவை அலைக்கழிக்க வேண்டாம். கதையாகச் சொன்னால் போதும்.

பழைய சிப்பாய்:

நிலா விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பௌர்ணமிக்குப் பின் போனால் நிலா ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி தாமதமாக உதிக்கும். முதியவரைக் குளிரில் விழிக்க வைத்துக் காத்திருக்க வேண்டும். வளர்பிறையில் போனால் சூரியன் மறையும்போதே நிலா தலைக்கு மேல் ஏறியிருக்கும். ஏழரை, எட்டு மணிக்குள் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிவிடலாம். தைப் பௌர்ணமிக்கு முந்தைய தசமியைக் குறிவையுங்கள். அரை நிலாவுக்கு மேல் இருக்கும், வெள்ளை உப்பின் மேல் அந்த வெளிச்சமே தாராளம். பௌர்ணமிக் கட்டணம் இல்லை, கூட்டம் குறைவு. தைப்பூசத்துக்கு முன் வீடு வந்து சேரவும் நாள் இருக்கிறது.

வடலூர் அன்பன்:

தசமி பயணத்துக்கும் நல்ல திதி. அஷ்டமி நவமியில் மட்டும் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள், ஆயா வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

லாஸ்பேட்டை செவிலி:

பயண வழி பற்றி யாரும் எழுதவில்லையே. சென்னையில் இருந்து அகமதாபாத்துக்கு நேரடி விமானம் உண்டு. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அகமதாபாத்தில் ஓர் இரவு தங்கி ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் புஜ் போங்கள். ஒரே நாளில் கடலூரில் இருந்து தோர்டோ வரை போய்ச் சேர வேண்டும் என்று வீம்பு பிடித்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

ரயில்தான் என்றால் ஒரு விவரம். கீழ்ப்படுக்கைக்கான முதியோர் ஒதுக்கீடு, தனியாகவோ இருவராகவோ பதியும்போதுதான் வேலை செய்யும். நான்கு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஆயாவுக்கு மேல்படுக்கை வந்தாலும் வரும். முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் சுமதி:

சாப்பாடு: கூடார நகரத்தில் சைவம்தான். பருப்பில் வெல்லம் போடுவார்கள், ஆயா முகம் சுளிப்பார். கம்பு ரொட்டி நம் பக்கத்துக்காரருக்குப் பழகிய ருசி, ஆனால் கெட்டி. பல் இல்லாதவருக்குக் கிச்சடியும் கடி என்ற மோர்க்குழம்பும் கேளுங்கள். கையோடு எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில்.

காளா டுங்கர் மலை, தோலாவிரா, சாலை நடுவே நின்று புகைப்படம் எல்லாம் உங்கள் தம்பி ஆசைப்படுவார். அவரையும் உங்கள் மனைவியையும் அனுப்பிவிட்டு நீங்கள் ஆயாவோடு இருங்கள். பகலில் ஹோட்கா கிராமத்துக்குக் காரில் போனால் போதும். புங்கா என்ற வட்ட மண் வீடுகள் இருக்கும். 2001 நிலநடுக்கத்தில் சுற்றிலும் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோது இந்த வட்ட வீடுகள் பல நின்றன. வாசலில் பெண்கள் கண்ணாடி பதித்துத் துணி தைத்துக்கொண்டிருப்பார்கள். என் அம்மாவும் அங்கே ஒரு பெண்மணியும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டார்கள். ஊசியைப் பிடித்துப் பார்த்து, நூலைத் தடவிப் பார்த்து, பேரப்பிள்ளைகளை விரலால் எண்ணிக் காட்டி, நாங்கள் கிளப்பும் வரை பேச்சு ஓயவில்லை.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:

சுமதி அவர்களே, தோலாவிராவை இப்படி ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்களே. ஹரப்பா காலத்து நகரம், 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னம்!

திருப்பாதிரிப்புலியூர் சுமதி:

வாத்தியார் ஐயா, 79 வயது முழங்காலுக்கு அத்தனை படிக்கட்டு எதற்கு? நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுங்கள்.

தேவனாம்பட்டினம் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. தை மாத வளர்பிறை தசமிக்கு தோர்டோவில் இருப்பதாக முடிவு செய்திருக்கிறோம். விமானம், அகமதாபாத்தில் ஓர் இரவு, பிறகு புஜ். அகரியா மக்கள் கதையைச் சொன்னதும் ஆயா கேட்ட முதல் கேள்வி, அவர்களுக்குக் கூலி எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி, ஒட்டக வண்டிக்காரர் ஒட்டகத்தை அடிப்பாரா என்பது. அடித்தால் இறங்கிவிடுவாராம். அப்பா இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் ஆயாவுக்கு ஸ்வெட்டர் எந்த அளவு என்று நேற்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்.

குளிர் உடுப்பு இங்கே எங்கே வாங்குவது? கடலூரில் குழந்தைகள் அளவில்தான் கிடைக்கிறது.

முத்தியால்பேட்டை மருமகன்:

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தைக்கு வாருங்கள். மார்கழியில் குல்லாவும் ஸ்வெட்டரும் குவித்துப் போட்டிருப்பார்கள். காலையிலேயே வந்தால் பெரியவர் அளவு கிடைக்கும். முன்பக்கம் பொத்தான் வைத்ததாகப் பாருங்கள். தலைவழியாக மாட்டுவது என்றால் ஆயாவுக்குக் கை தூக்க முடியாது.

லாஸ்பேட்டை செவிலி:

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. அடியில் ரப்பர் புள்ளி வைத்தது. கூடாரத்துக் குளியலறைத் தரை வழுக்கும்.